கோட்டைக்குள் ஒரு குழாயடிச் சண்டை

நம் கல்லூரியில் சிவில் முடித்துவிட்டுச் சென்னைப் பக்கம் வேலை பார்த்தவர்களில், செயின்ட் ஜார்ஜ் கோட்டை வாசலில் நின்று காத்திருக்காதவர்கள் குறைவு. ஃபைல் மேலே போயிற்றா, எஸ்டிமேட்டுக்கு அனுமதி வந்ததா என்று செகரட்டேரியட்டில் கேட்டால், "சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க சார்" என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தை டீக்கடையில் போக்காமல் பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். 1680-ல் திறக்கப்பட்ட கட்டடம். வெளியே தரையெல்லாம் கல்லறைக் கற்கள், உள்ளே சுவரெல்லாம் பளிங்கு நினைவுச் சின்னங்கள். அவற்றில் பொறித்திருப்பதை அப்படியே நம்பினால், இங்கே வந்து செத்த வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் அன்பும் அடக்கமும் நிறைந்த உத்தமர்கள். அதே ஆட்கள் உயிரோடு இருந்தபோது ஒருவர் மேல் ஒருவர் எழுதிப் போட்ட புகார்களைப் படித்தால், நம் ஹாஸ்டல் மெஸ் கமிட்டி மீட்டிங் எவ்வளவோ தேவலை என்று தோன்றும்.

இந்த மலரைப் படிக்கப்போகிற நம்மில் பலர் இன்று துபாயிலோ, சிங்கப்பூரிலோ, நியூஜெர்சியிலோ இருக்கிறோம். ஊரை விட்டுப் போன இருபது பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் ஒரு சங்கம் வரும், அடுத்த பொங்கலுக்குள் அது இரண்டு சங்கம் ஆகும் என்பது நாம் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற விஷயம். "நம்ம ஆளுங்களே இப்படித்தான் சார், ஒத்துமை கிடையாது" என்று பெருமூச்சும் விடுவோம். அப்படிப் பெருமூச்சு விடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஏனென்றால், கடல் கடந்து பிழைக்கப் போன ஒரு சிறு கூட்டம் தங்களுக்குள் எப்படி அடித்துக்கொள்ளும் என்பதற்கு, நம் சென்னையைவிட நல்ல உதாரணம் கிடையாது. அடித்துக்கொண்டவர்கள் இங்கிலீஷ்காரர்கள்.

1639-ல் நாயக்கரிடம் அனுமதி வாங்கி, 1640-ல் வந்து இறங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டத் தொடங்கியதுதான் அந்தக் கோட்டை. முதல் ஐம்பது அறுபது வருஷம் அதற்குள் இருந்த கம்பெனி சிப்பந்திகள் சில டஜன் பேர்தான். கல்யாணமாகாத பிள்ளைகள் பெரும்பாலும். எல்லாரும் பொது மேசையில் சேர்ந்து சாப்பிட வேண்டும், பதவி வரிசைப்படி உட்கார வேண்டும். சம்பளத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். 1670-களில் அப்ரன்டிசுக்கு வருஷத்துக்கு 5 பவுன், ரைட்டருக்கு 10 பவுன், அதற்கு மேலே ஃபாக்டருக்கு 20 முதல் 40 வரை. கவர்னருக்கே 300 பவுன்தான். இந்தக் காசுக்கா ஆறு மாசம் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார்கள்? இல்லை. சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யலாம் என்றுதான் வந்தார்கள். கம்பெனி அதைச் சில சமயம் தடுக்கும், சில சமயம் கண்டுகொள்ளாது. ஆக, காலையில் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன், மத்தியானம் அதே துணி மூட்டைக்குப் போட்டி வியாபாரி. அவன் மேலதிகாரி என்றால் இன்னும் விசேஷம்.

குடியும் சூதும் கைகலப்பும் ரொம்ப அதிகம் என்று அங்கிருந்த பாதிரியார் பாட்ரிக் வார்னர் 1676-ல் லண்டனுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். கெட்ட வார்த்தை பேசினால் அபராதம், பிரார்த்தனைக்கு வராவிட்டால் அபராதம், ஒரே அமர்வில் இவ்வளவுக்கு மேல் சாராயம் குடிக்கக்கூடாது என்றெல்லாம் அந்தக் காலத்தில் விதிகள் போட்டார்கள். விதி போட்டார்கள் என்பதிலிருந்தே என்ன நடந்துகொண்டிருந்தது என்று புரிந்துகொள்ளலாம். நம் வார்டன் போர்டில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரிதான்.

நான் நாலு வருஷம் வளைகுடாவில் ஒரு பாலம் கட்டுகிற சைட்டில் இருந்தேன். கேம்ப்பில் எஞ்சினியர்கள் பதினாலு பேர், எல்லாரும் இந்தியர்கள். வேலையில் ஒரு சண்டையும் கிடையாது. ஆனால் சைட்டுக்குப் போகிற வண்டியில் டிரைவர் பக்கத்து சீட் யாருக்கு என்பதில் இரண்டு பேர் மூன்று மாசம் பேசாமல் இருந்தார்கள். ஊரில் இருந்தால் அந்தக் கோபத்தை வீட்டில் காட்டியிருப்பார்கள், அல்லது சினிமா பார்த்து மறந்திருப்பார்கள். அங்கே இறக்கி வைக்க வேறு இடம் இல்லை. ஆகவே கோட்டைக்குள் நாற்காலி வரிசைக்காக வெள்ளைக்காரன் முறைத்துக்கொண்டு திரிந்தான் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆச்சரியம், அது எதுவரை போயிற்று என்பதில்தான்.

1665-ஐ எடுத்துக்கொள்வோம். எட்வர்ட் வின்டர் என்பவர் கோட்டையின் ஏஜென்ட். அதுதான் அப்போதைய தலைமைப் பதவி. அவர் சொந்த வியாபாரத்தில் கம்பெனிப் பணம் கரைகிறது என்று லண்டனுக்குப் புகார் போக, அவர் இடத்துக்கு ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்பவரை அனுப்பினார்கள். இதில் கம்பெனி செய்த வேடிக்கை, வின்டரை உடனே கப்பல் ஏற்றாமல் புதியவருக்குக் கீழே இரண்டாம் இடத்தில் உட்கார வைத்தது. பழைய மேனேஜரை அதே ஆபீசில் அசிஸ்டென்டாக வைத்தால் என்ன ஆகும் என்று தெரிய நிர்வாகவியல் படிக்க வேண்டியதில்லை.

ஃபாக்ஸ்கிராஃப்ட் வந்தது ஜூன் மாசம். செப்டம்பருக்குள் தீர்ந்தது கதை. ஃபாக்ஸ்கிராஃப்ட்டும் அவர் மகனும் பேச்சுவாக்கில் ராஜாவை மரியாதைக் குறைவாகப் பேசினார்கள் என்று வின்டர் குற்றம் சாட்டினார். ராஜாவைவிட அவனவன் சொந்த நலன்தான் பெரிசு என்கிற தோரணையில் ஏதோ சொன்னார்களாம். இன்று கேட்டால் இது என்ன பெரிய விஷயம் என்போம். ஆனால் ஒரு ராஜாவின் தலையை 1649-ல் வெட்டி, அவர் மகனை 1660-ல் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்த தேசம் அது. அரட்டையில் வந்த ஒரு வார்த்தையைத் தூக்கி "ராஜத்துரோகம்" என்று முத்திரை குத்திவிட்டால் எதிராளி கதை முடிந்தது. வின்டர் கோட்டைச் சிப்பாய்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். நடந்த கைகலப்பில் ஃபாக்ஸ்கிராஃப்ட் பக்கத்து ஆள் ஒருவர் செத்தார். ஃபாக்ஸ்கிராஃப்ட்டையும் மகனையும் பிடித்து அடைத்துவிட்டு, வின்டர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அதாவது சென்னையில் ராணுவப் புரட்சி நடந்திருக்கிறது. நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

எத்தனை நாள் நீடித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மூன்று வருஷம். 1668 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து கப்பல்களும் உத்தரவும் வந்த பிறகுதான் ஃபாக்ஸ்கிராஃப்ட் வெளியே வந்தார், மறுபடி பதவி ஏற்றார். கடிதம் போக ஆறு மாசம் அல்லது அதற்கு மேல், பதில் வர இன்னொரு ஆறு மாசம். இரண்டு தரப்பும் தனித்தனியாகக் கடிதம் போடுவார்கள். எது உண்மை என்று லண்டனில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரை ஒரே அட்டெம்ப்டில் பாஸ் பண்ணினவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஃபீட்பேக்கில் ஒரு வருஷம் தாமதம் இருந்தால் எந்த சிஸ்டமும் நிலைக்கு வராது, ஆடிக்கொண்டே இருக்கும்.

வின்டரைத் தூக்கில் போட்டார்களா? அதுதான் இல்லை. சில வருஷம் சென்னையிலேயே இருந்து கணக்கு வழக்கை முடித்துக்கொண்டு 1672-ல் ஊர் போய்ச் சேர்ந்தார். 1686-ல் இறந்தார். லண்டன் பாட்டர்சீயில் உள்ள தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. புலியை வெறும் கையால் நசுக்கிக் கொன்றார், குதிரையில் வந்த நாற்பது பேரைத் தனியாளாக விரட்டினார் என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள். கல்லில் எழுதினதை நம்பாதீர்கள் என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

இது நடந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அதே கோட்டையில் அதே நாடகம் மறுபடி நடந்தது. இந்த முறை சிரித்துவிட்டுப் போக முடியாது.

லார்ட் பிகாட் என்று ஒரு கவர்னர். 1758-59-ல் பிரெஞ்சுக்காரர் லாலி சென்னையை முற்றுகை போட்டபோது கோட்டையைக் காத்தவர். ஊருக்குப் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு 1775 கடைசியில் இரண்டாம் தடவை கவர்னராக வந்தார். வந்த வேலை தஞ்சாவூர் சம்பந்தமானது. ஆற்காடு நவாப் முகம்மது அலிக்காகக் கம்பெனிப் படை 1773-ல் தஞ்சாவூரைப் பிடித்து, மராட்டிய ராஜா துளஜாவைப் பதவியிலிருந்து இறக்கியிருந்தது. லண்டனுக்கு இது பிடிக்கவில்லை. நாட்டை ராஜாவிடம் திருப்பிக் கொடு என்று உத்தரவு. பிகாட் தாமே தஞ்சாவூர் போய் 1776 ஏப்ரலில் ராஜாவை மறுபடி உட்கார வைத்தார்.

அங்கேதான் முளைத்தார் பால் பென்ஃபீல்டு. நம் தொழில்காரர்! 1764-ல் கம்பெனியின் கட்டட வேலைக்கு எஞ்சினியராக வந்து, பிறகு கோட்டை மதில் வேலையை கான்ட்ராக்ட் எடுத்தவர். பொதுப்பணித் துறைக்காரர்களுக்குப் பழக்கமான சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியதும் இவர்தான் என்று சொல்வார்கள். கட்டட வேலையைவிட வட்டி வேலை லாபம் என்று சீக்கிரமே கண்டுகொண்டார். நவாபுக்குக் கடன் கொடுத்தார். கடனுக்கு ஈடாக நவாப் எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? தஞ்சாவூர் ஜில்லாவின் வருமானம். ராஜா திரும்பி வந்த உடனே பென்ஃபீல்டு கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டார். நவாப் கொடுக்க வேண்டியது, அங்கத்துக் குடிகள் கொடுக்க வேண்டியது எல்லாம் சேர்த்து சுமார் 2,30,000 பவுன், வயலில் நிற்கிற பயிர் வரைக்கும் எனக்குப் பாத்தியம் என்று.

வருஷத்துக்குச் சில நூறு பவுன் சம்பளம் வாங்குகிற ஆள். மேலே சொன்ன ரைட்டர் சம்பளத்தில் இந்தத் தொகையைச் சேர்க்க 23,000 வருஷம் ஆகும்.

கவுன்சில் முதலில் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. பிறகு கவுன்சிலர்களில் பெரும்பான்மை பென்ஃபீல்டு பக்கம் சாய்ந்தது. அவர்களில் பலருடைய பணமும் நவாபிடம் வட்டிக்கு நின்றது என்று தெரிந்தால் சாய்வுக்குக் காரணம் புரியும். ஆனால் நடவடிக்கைக் குறிப்பில் யாரும் "என் பணம்" என்று எழுதமாட்டார்கள் அல்லவா? தஞ்சாவூருக்கு யாரை அனுப்புவது, கவர்னர் கையெழுத்துப் போடாமல் கவுன்சில் உத்தரவு செல்லுமா, தீர்மானத்தை மேசையில் வைக்க மறுக்கலாமா என்று முழுக்க நடைமுறைச் சண்டை. சங்கத் தேர்தலில் "பாயின்ட் ஆஃப் ஆர்டர்" என்று எழுந்திருக்கிற ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1776 ஆகஸ்ட்தான் ஞாபகம் வரும். பிகாட்டும் பிடிவாதக்காரர். தன் வழிக்கு வராத இரண்டு பேரை சஸ்பெண்ட் செய்தார். பெரும்பான்மையினர் வெளியே போய், நாங்கள்தான் அரசாங்கம் என்று அறிவித்துப் படைத்தலைவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டிடம், கவர்னரைப் பிடி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 24. ஸ்டூவர்ட் அன்று காலை பிகாட்டோடு காலை உணவு சாப்பிட்டார். மத்தியானமும் அவரோடுதான் விருந்து. சாயங்காலம் கவர்னர் வண்டியிலேயே பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டு, கோட்டையிலிருந்து தோட்ட வீட்டுக்குப் போனார். வழியில் தீவுத்திடலில் (இன்று பொருட்காட்சி நடக்கிறதே, அதே இடம்தான்) அதிகாரிகள் வண்டியை மறித்தார்கள். கவர்னரை இறக்கி வேறு வண்டியில் ஏற்றிப் பரங்கிமலைக்குக் கொண்டு போய்விட்டார்கள். இரண்டு வேளை ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே வண்டியில் உட்கார்ந்து வந்தவனே செய்தான். வின்டர் கதையிலாவது முகத்துக்கு முகம் அடித்துக்கொண்டார்கள்.

பிகாட் காவலிலேயே எட்டு மாசத்துக்கு மேல் இருந்தார். 1777 மே 11-ல் உயிர் போயிற்று. செயின்ட் மேரியில் புதைத்தார்கள். லண்டனில் இதற்குள் விஷயம் தெரிந்து, அவரை மறுபடி பதவியில் வைக்க முடிவாகி உத்தரவும் புறப்பட்டிருந்தது. அது கப்பலில் வந்து சேர்ந்தபோது பெற்றுக்கொள்ள ஆள் இல்லை. கவுன்சிலர்கள் நாலு பேர் மேல் லண்டனில் வழக்கு நடந்தது. 1780-ல் தண்டனை சொன்னார்கள். ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம். இவர்கள் சேர்த்திருந்த செல்வத்துக்கு அது பஸ் கண்டக்டர் பாக்கிச் சில்லறை மாதிரி.

சண்டையை மட்டும் சொன்னால் இவர்களுக்கு நகைச்சுவையே கிடையாது என்று நினைத்துவிடுவீர்கள். கிண்டலுக்குக் குறைவில்லை. ஆனால் சென்னைக் கிண்டல் அச்சேறவில்லை, இங்கே பத்திரிகை வந்ததே 1785-ல்தான். அதற்குக் கல்கத்தா போக வேண்டும். அங்கே ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்பவர் 1780 ஜனவரியில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். இந்தியாவில் அச்சான முதல் செய்தித்தாள் அதுதான். அதில் செய்தியைவிட வம்பு ருசி. ஊரில் யார் யாரோடு நடனம் ஆடினார், யார் தொப்பி கோணல் என்பதிலிருந்து பெரிய மனிதர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது வரை. தலைமை நீதிபதி எலைஜா இம்பியின் உறவினருக்குக் கரை பராமரிப்பு கான்ட்ராக்ட் கிடைத்தது. வங்காளத்தில் அந்த வேலைக்குப் புல்பந்தி என்று பெயர். உடனே ஹிக்கி நீதிபதிக்கு வைத்த பெயர் "புல்பந்தி பிரபு". கான்ட்ராக்ட் யாருக்குப் போயிற்று என்பதை ஒரே பட்டப்பெயரில் ஊருக்கே சொல்லிவிட்டார். இன்றைய ஆடிட் ரிப்போர்ட்டுக்கு இந்த வேகம் இல்லை.

சிரித்தவர்கள் சிரித்தார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1780 நவம்பரில் ஹிக்கியின் பத்திரிகையைத் தபாலில் அனுப்பத் தடை போட்டார். 1781-ல் அவதூறு வழக்குகள், சிறை. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் பாதிரியார் கீர்னாண்டர். வங்காளம் போகுமுன் நம் கடலூரில் பல வருஷம் இருந்தவர். போட்டிப் பத்திரிகைக்கு அச்செழுத்து விற்றார் என்று ஹிக்கி அவரை வாரியிருந்தார். ஹிக்கி சிறையிலிருந்தபடியே பத்திரிகை நடத்தினார். 1782 மார்ச்சில் அச்சு எழுத்துகளையே பறிமுதல் செய்த பிறகுதான் நின்றது. தீர்ப்புச் சொன்ன நீதிபதியும் அந்தப் பட்டப்பெயர்க்காரர்தான். இதற்கிடையில் ஹேஸ்டிங்ஸும் அவர் கவுன்சிலர் பிலிப் ஃபிரான்சிஸும் 1780 ஆகஸ்டில் துப்பாக்கி எடுத்துக்கொண்டு நேருக்கு நேர் நின்று சுட்டுக்கொண்டார்கள். ஃபிரான்சிஸுக்குக் காயம். ராஜ்யத்தின் முதல் ஆளும் அவரது கவுன்சிலரும்!

சென்னை மட்டும் இளைத்ததா? பிகாட்டைப் பிடித்த அதே ஸ்டூவர்ட் பிறகு ஜெனரல் ஆனார். 1781-ல் ஹைதர் அலியோடு நடந்த போரில் பீரங்கிக் குண்டுக்கு ஒரு காலைக் கொடுத்தார். 1783-ல் கவர்னர் மெக்கார்ட்னியோடு மோதினார். மெக்கார்ட்னி தன் செயலாளரைச் சிப்பாய்களோடு அனுப்பி அவரைக் கைது செய்து கப்பல் ஏற்றிவிட்டார். கவர்னரைப் பிடித்தவரைக் கவர்னர் பிடித்தார், கணக்கு சரியாயிற்று என்று விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த வருஷம் மெக்கார்ட்னி சென்னையிலேயே தன் கவுன்சிலர் சாட்லியரோடு சுட்டுக்கொண்டு காயப்பட்டார். அவர் ஊர் திரும்பிய பிறகு 1786-ல் லண்டன் ஹைட் பார்க்கில் ஸ்டூவர்ட் காத்திருந்தார். ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் மரத்தில் சாய்ந்துகொண்டு சுட்டார். மெக்கார்ட்னிக்கு மறுபடி காயம்.

ஊரை விட்டுப் போனதில் வந்த கோபத்தை ஊர் திரும்பியும் இறக்கி வைக்க முடியவில்லை பாருங்கள். இதைப் படிக்கிறபோது எனக்கு ஸ்டூவர்ட் மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வருகிறது. பென்ஃபீல்டு மேல் வருவதில்லை. ஏனென்றால் இவ்வளவு பேர் இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது வாயைத் திறக்காமல் வேலையை முடித்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். கோட்டைக்குள் யார் எந்த நாற்காலி என்று அடித்துக்கொள்ள, வட்டிப் பணம் மட்டும் தஞ்சாவூர் நெற்களத்திலிருந்தும் ஆற்காட்டு வரியிலிருந்தும் போய்க்கொண்டே இருந்தது. களத்தில் நின்ற குடியானவனுக்கு பிகாட் யார், ஸ்டூவர்ட் யார் என்று தெரிந்திருக்கப் போவதில்லை. அவனை மேசைக்குக் கூப்பிடவும் இல்லை, அவன் பக்கத்துக் கடிதம் எந்தக் கப்பலிலும் போகவும் இல்லை.

பென்ஃபீல்டு லண்டன் போய்ப் பார்லிமென்ட் மெம்பர் ஆனார். நவாபின் கடன்களை விசாரணை இல்லாமலே கர்நாடக வருமானத்திலிருந்து அடைக்க 1785-ல் அரசாங்கம் ஒத்துக்கொண்டது. எட்மண்ட் பர்க் பார்லிமென்டில் எழுந்து பென்ஃபீல்டைப் பெயர் சொல்லிக் கிழித்தார், பலன் இல்லை. இவ்வளவு சம்பாதித்தவர் பிறகு எல்லாவற்றையும் இழந்து 1810-ல் பாரிசில் வறுமையில் செத்தார்.

1785-க்குப் பிறகும் நவாபுக்குக் கடன் கொடுத்தோம் என்று கேட்டு வந்தவர்கள் குறையவில்லை. 1805-ல் ஒரு கமிஷன் போட்டு, இந்த முறை பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 1830 வரை அந்த வேலை இழுத்தது. வந்த கேட்பு மொத்தம் மூன்று கோடி பவுனுக்கு மேல். பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.